இருநூற்று ஐம்பத்தொன்றாவது ஃபிரேம்

இருநூற்று ஐம்பது ஃபிரேம் போதும் என்றுதான் உதயகுமார் கம்ப்யூட்டருக்குச் சொல்லியிருந்தான். வினாடிக்கு இருபத்தைந்து, பத்து வினாடி டைட்டில். அது இருநூற்று ஐம்பத்தொன்றை வரைந்துகொண்டிருந்தது.

விஜயநகர் வீட்டின் கார் ஷெட்தான் அவன் ஸ்டுடியோ. மானிட்டரில் வெயில் விழாதிருக்கக் கதவுக் கண்ணாடிக்கு உள்பக்கம் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தான். மத்தியானம் இரண்டு மணிக்கும் உள்ளே கிணற்று இருட்டு. சூடேறிய பிளாஸ்டிக் வாசனை. அதற்கும் அடியில், எவ்வளவு கழுவியும் போகாத பெட்ரோல் புகை நாற்றம்.

போன் அடித்தது. கேபிள் சானலுக்குப் பேய் சீரியல் எடுக்கும் மல்லப்பன்.

"சாம்பிள் பார்த்தேன்ப்பா. அசல் பழைய பேய்ப்படம். அந்த எழுத்து, நகத்தால பிராண்டினாப்பல... யாரு வரைஞ்சது?"

"நான்தான் சார்."

"ஹௌதா, அப்படியா! உன் பேரைப் பெருசாப் போட்டுக்கோ."

பெயர். மூன்று மாதம் முன்பு, எழுத்து வரையும் பூங்குழலி இதே நாற்காலியில் இருந்து கேட்டதும் அதைத்தான். "எல்லா டைட்டிலும் நான்தான் வரையறேன். ஒண்ணுலயாவது எம் பேரு வரட்டும்ண்ணா. இல்லேன்னா மல்லப்பன் சார்கிட்டயே சொல்லிடுவேன்."

"சாப்பிட்டுட்டு வந்துடறேன். அதுக்குள்ள முடிச்சிடு," என்று சிரித்தபடி வெளியே தாழ் போட்டான். திமிர் அடங்கட்டும். கரண்ட் போயிருந்ததால் கதவோரம் ஜெனரேட்டரை ஓடவிட்டுப் போனான். புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கவில்லை. திரும்பி வந்து திறந்தபோது அவள் மூச்சு நின்றிருந்தது.

அவளே உள்ளே தாழ் போட்டுக்கொண்டாள் என்றான். ஊர் நம்பியது. கறுப்புப் பெயிண்டில் அவள் நகங்கள் இழுத்திருந்த கோடுகளை அழிப்பதற்கு முன், அவன் படம் பிடித்துக்கொண்டான். அவற்றை வெட்டி ஒட்டியதுதான் மல்லப்பன் மெச்சிய எழுத்து.

இருநூற்று ஐம்பத்தொன்று. கறுப்பில் ஒரு கீறல்.

ஐம்பத்திரண்டு. இன்னொன்று.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். நிற்கவில்லை. கீறல்கள் வளைந்தன, கூடின, ஒரு பெயராயின.

பூங்குழலி.

பிளக்கைப் பிடுங்கி எறிந்தான். திரை அணைந்தது. கதவுக்கு ஓடினான். இழுத்தான். வெளியே தாழ்.

வெளியே யாரோ கயிற்றை இழுக்கும் ஓசை. ஒருமுறை. இரண்டுமுறை. ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"யாரு? யாருங்க அது? திறங்க!"

"சாப்பிட்டுட்டு வந்துடறேன்ண்ணா." கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மிக அருகில், அவள் குரல். "அதுக்குள்ள முடிச்சிடுங்க."

செருப்புச் சத்தம் அவசரமில்லாமல் தெருவை நோக்கிப் போனது.

கதவடியில் புகை நுழைந்தது. இருமல். கத்தினான். இருமல். கண்ணாடியை அறைந்தான், பிராண்டினான். நகத்தடியில் பெயிண்ட் உரிந்து, மெல்லிய கோடாய் வெயில் வந்தது.

பின்னால் ஒரு நீல வெளிச்சம்.

திரும்பினான். பிளக் தரையில்தான் கிடந்தது. மானிட்டர் எரிந்தது. பூங்குழலி என்ற பெயருக்குக் கீழே, கறுப்பில், ஒரே ஒரு புதுக் கீறல்.

அவன் கை தானாகக் கண்ணாடிக்குப் போனது. இழுத்தது.

திரையில், அவன் இழுத்த அதே சாய்வில், இரண்டாவது கீறல். ஓரத்தில் ஃபிரேம் எண் ஒன்று கூடியது.