படத்துக்கு வைத்த முகம்

கண்ணாத்தாளுக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. முகம் மட்டும் அசையவில்லை. வெங்காயம் உரித்தவளைப்போல முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

மகனைப் புதைத்து மூன்று நாளாகிறது. காய்ச்சலில் போன நாலு வயது அர்த்தநாரிக்கு ஒரு படம்கூட இல்லையென்று, புதைக்குமுன் அவள் புருசன் சின்னண்ணன் நாமக்கல்லிலிருந்து படம் பிடிப்பவரைக் கூட்டிவந்திருந்தான். பிள்ளைக்குப் புதுச்சட்டை போட்டு, அவள் மடியில் உட்காரவைத்து, மூடிய கண்ணைத் திறந்துவிட்டார்கள்.

"அழுதீங்கன்னா படம் கலைஞ்சு போயிருமுங்க. மூஞ்சிய அசைக்காம இருங்க," என்றார் அவர், கறுப்புத் துணிக்குள்ளிருந்து.

இருந்தாள். நெஞ்சுக்குள் புரண்டுகொண்டிருந்தது அப்படியே அடங்கிப்போனது. பிறகு எழவேயில்லை.

இன்று காலை கண்ணாடி முன் நின்று, வாயின் இரு ஓரங்களையும் விரலால் கீழே இழுத்துப் பார்த்தாள். அழுகிற முகம் வந்தது. கூடவே துக்கமும் வந்தது, பிள்ளையின் உடம்புச் சூட்டோடு, கஷாய வாடையோடு, மூச்சை அடைத்துக்கொண்டு. விரலை எடுத்தாள். போய்விட்டது.

மிச்சமிருப்பவள் ஏழு வயது ராசாத்தி. அவளைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றவில்லை. இனி இவளுக்குத் தாயாக இருக்க முடியுமா? பயமாக இருந்தது, அதுவும் வேறு யாருக்கோ இருப்பதுபோல.

"தம்பி நெனப்பு வந்தா நெஞ்சு வலிக்குதும்மா. உனக்கு வலிக்கலையா?"

"மூஞ்சிய என்னாட்டம் வெச்சுக்க சாமி. ஒண்ணும் தெரியாது."

ராசாத்தி அழுகையை நிறுத்தினாள். அம்மாவைப்போலவே முகத்தை வைத்துக்கொண்டாள்.

மத்தியானம். கிணற்றுமேட்டில் சின்னண்ணன் மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலையின் கிறீச்சொலி நின்று நின்று கேட்டது, ஓட்டு இடுக்கில் விழுந்த வெயில் சுவரோரம் நகர்ந்தது, அடுப்பங்கரையிலிருந்து கம்பங்கூழின் மணம் வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை.

ஏதோ பொசுங்கியது.

எழுந்து போனாள். அடுப்பு முன் ராசாத்தி குத்தவைத்திருந்தாள். வலது கை தணலுக்குள். மணிக்கட்டு வரை. முகத்தில் ஒரு சுளிப்பில்லை.

"நெசந்தாம்மா. ஒண்ணுமே தெரியல."

கண்ணாத்தாள் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். தோல் அவள் விரல்களோடு வந்தது. கத்த வேண்டும். வாய் திறக்கவில்லை.

ராசாத்தி அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். வேண்டாமென்று சொல்லும் எதுவும் அதில் இல்லை.

இடது கையை உள்ளே வைத்தாள்.