மாறிய கோப்பு மட்டும்

ஞாயிற்றுக்கிழமை கிளினிக் மூடியிருந்தது. கணினியை யாரும் தொட்டிருக்க வழியில்லை. ஆனாலும் திங்கள் மதியம் திரையில் ஞாயிறு தேதியிட்டு அந்த வரி நின்றது: மாறிய கோப்பு ஒன்று நகலெடுக்கப்பட்டது.

ஜலஜா அதை மறுபடி படித்தாள். கச்சேரி ரோட்டில் இருந்த அந்த இதயநோய் கிளினிக்கில் மதியமானால் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார்கள். டாக்டர் வெங்கடரமணன் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர வீட்டுக்குப் போய்விடுவார். மாலைக் கூட்டம் வரும்வரை ஈசிஜி எடுக்கும் அவள் மட்டும்தான். ஷட்டருக்கு அடியில் நுழைந்த வெயில் தரையில் ஒரு பட்டையாகக் கிடக்க, அதற்கு மேல் அறை முழுவதும் இருட்டும், தரை துடைத்த டெட்டாலும், நெஞ்சில் தடவும் ஜெல்லின் மந்தமான வாடையும், மேஜைமேல் புதிதாக வந்த வெளி டிரைவ் ஏதோ பூச்சி மரத்தைக் கொறிப்பதுபோல் கடகடக்கும் ஓசையும் நிறைந்திருந்தன.

கோப்புகளை டிரைவில் நகலெடுக்கும் அந்த ஏற்பாடு அழகானது. ஒவ்வொரு கோப்புக்கும் நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு கொடி உண்டு. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் கொடி உயர்ந்துவிடும். பேக்கப் மென்பொருள் தினமும் தன் நேரத்துக்கு விழித்து, கொடி உயர்ந்தவற்றை மட்டும் தேடி, வெளி டிரைவில் எழுதிவிட்டுக் கொடியை இறக்கும். முதல் நாள் மணிக்கணக்கில் ஓடியது மறுநாளிலிருந்து சட்டென்று முடிவது இதனால்தான். மாறாத கோப்பை அது தொடாது.

எது மாறியது என்று பார்த்தாள். தனபாலன்.

மந்தைவெளியில் ஆட்டோ ஓட்டியவர். போன மாதம் நெஞ்சை அமுக்குகிறது என்று வந்தார். கூட்ட நெரிசலில் அவர் கை கால்களில் கிளிப்புகளை மாட்டிப் பதிவைத் தொடங்கியபோது அவள் பெயரை மாற்ற மறந்துவிட்டாள். பெயரை மாற்றாவிட்டால் அந்த இயந்திரம் முந்தைய நோயாளியின் பெயரிலேயே அடுத்தவரின் துடிப்பையும் சேமிக்கும். ஒரே பெயரில் இரண்டு பதிவுகள். அவள் அச்சிட்டு டாக்டரிடம் கொடுத்தது முதலாவதை, இன்னொருவரின் ஆரோக்கியமான இதயத்தை. அவசரத்தில் டாக்டரும் தாளில் இருந்த பெயரைப் பார்க்கவில்லை.

"வாயுதான், பயப்படாதீங்கோ" என்று டாக்டர் மாத்திரை எழுதினார். விடிவதற்குள் தனபாலன் இறந்துபோனார்.

செய்தி வந்த காலையில் ஜலஜா இரண்டாவது பதிவைத் திறந்தாள். ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் கோடு கீழே இறங்காமல் மேடாகக் குவிந்து நின்றது. மாரடைப்பு. யார் பார்த்தாலும் அந்த மனிதரை உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட்டியிருப்பார்கள். அவள் தனபாலன் பெயரில் ஒரு கோப்பு தொடங்கி, நல்ல பதிவை அதில் வைத்து, மேட்டை அழித்தாள்.

கணினியில்தான் அழிந்தது. டிரைவ் அந்த வாரம்தான் வெள்ளோட்டத்துக்கு வந்திருந்தது. உண்மை அதற்குள் நகலாகியிருந்தது.

வெள்ளோட்டம் முடிந்து டிரைவை விற்க வந்த உமர் ஃபாரூக் திருவல்லிக்கேணிக்காரர். இரண்டு பேக்கப் மென்பொருள்களை ஓட்டிக் காட்டினார்.

"மேடம், இப்ப ஓடிக்கினு கீற இது மாமியார் மாதிரி. என்னிக்கு இன்னா மாத்துனீங்களோ, அல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கும். அந்த இன்னொண்ணு புருஷன் மாதிரி. கடைசியா சொன்னது மட்டும்தான் தெரியும். பழசு மேலயே புதுச எழுதிடும்."

"எது நல்லது?"

"கிளினிக்குக்கா? சந்தேகமே வாணாம், மாமியாருதான்."

"நேக்கு இதெல்லாம் புரியாது. நீயே பாத்துச் சொல்லிடும்மா" என்றார் டாக்டர் உள்ளேயிருந்து.

ஜலஜா இரண்டாவதைச் சொன்னாள். இடம் குறைவாகப் பிடிக்கும் என்றாள். டிரைவை முழுக்கத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொன்னாள். உமர் மவுஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உங்க இஷ்டம் மேடம்."

செவ்வாய்க்கிழமைப் பட்டியலிலும் அதே கோப்பு. தனபாலன். அளவு கூடியிருந்தது. ஈசிஜி பதிவு சில நொடிகள்தான். எழுதி முடித்த பிறகு அது வளர முடியாது. இது வளர்ந்துகொண்டிருந்தது.

புதன் மதியம் ஷட்டருக்கு அடியில் குனிந்து ஒரு பெண் நுழைந்தாள். தனபாலனின் மனைவி சொர்ணம்.

"டாக்டரு இல்லியாம்மா? பரவால்ல, நீயே சொல்லு. அவரு நெஞ்சுக்குக் கோடு போட்டியே, அந்தக் காயிதம் நெசமா நல்லாத்தான் இருந்துச்சா?"

ஜலஜா ஜெல் பாட்டிலின் மூடியைத் திருகினாள்.

"ராவுல எழுப்பினாரும்மா, வலிக்குதுன்னு. டாக்டரே வாயுன்னுட்டாரு, கம்முனு படுய்யான்னு நான்தான் திட்டினேன். அப்பவே இட்டுக்கினு போயிருந்தா பொழச்சிருப்பாருன்னு அல்லாரும் சொல்றாங்க. நான் கொன்னுட்டேனா?"

ஒரே ஒரு வாக்கியம் போதும். அது ஜலஜாவின் நாக்கு நுனிவரை வந்தது.

"நன்னாத்தான் இருந்தது" என்று சொல்லி, தனபாலன் பெயரில் புதிதாக அச்சிட்டு வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினாள்.

சொர்ணம் அந்த அழகான கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். மடித்து இடுப்பில் செருகினாள். "அப்ப நான்தான்" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு, குனிந்து வெளியே போனாள்.

முதுகுக்குப் பின்னால் டிரைவ் கடகடத்தது. அன்றைய நகலெடுப்பு ஏற்கெனவே முடிந்திருந்தது.

ஜலஜா உட்கார்ந்து கோப்பைத் திறந்தாள். நல்ல இதயத்தின் பதிவு வலமிருந்து இடமாக நகர்ந்தது. முடிய வேண்டிய இடத்தில் முடியவில்லை. அதற்குப் பிறகு வேறொரு துடிப்பு தொடங்கியது. சிறியது. பதற்றமானது. பார்க்கப் பார்க்க அதன் வேகம் கூடியது. அவள் மூச்சை அடக்கினாள். கோடு தடுமாறியது.

மணிக்கட்டில் விரலை வைத்தாள்.

திரையில் ஒன்று. விரலடியில் ஒன்று. திரையில். விரலடியில்.

மேலே பெயர்: தனபாலன். யாரும் பெயரை மாற்றவில்லை.

டிரைவின் பிளக்கைப் பிடுங்கினாள். கடகடப்பு நிற்கவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால், நோயாளி படுக்கும் கட்டிலின் ரெக்சின் மெதுவாக முனகியது, படுத்திருப்பவர் நகர்ந்து இடம் விடுவதுபோல. சுவரில் ஆணி வெறுமையாக இருந்தது. அதில் தொங்க வேண்டிய கிளிப்புகள் இல்லை. வயர்கள் மட்டும் இயந்திரத்திலிருந்து இறங்கி, தரையோடு, வெயில் பட்டையைக் கடந்து, அவள் நாற்காலிக்கு அடியில் போயின.

மணிக்கட்டில் ஈரம். ஜெல். கணுக்காலிலும்.

அவள் குனிந்து பார்க்கவில்லை.

"சொர்ணம்." குரல் எழவில்லை. "நீ இல்ல, சொர்ணம். நான்..."

தெருவில் ஒரு ஆட்டோ கிளம்பிப் போனது.

திரையின் அடியில் ஒரு வரி வந்தது. பழைய பதிவின்மேல் புதியது எழுதப்படுகிறது. அவள் தேர்ந்தெடுத்தது. மேலே கோடு எழும்பியது. உச்சிக்குப் போனது.

இறங்கவில்லை. மேடாகக் குவிந்து நின்றது.