வண்டிக்குள் நீர்க்கோடு

காலையில் பார்த்தபோது கறை இன்னும் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. இசைவாணி முந்தின நாள்தான் அதைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, கதவுகளையெல்லாம் திறந்துவைத்து, பகல் முழுக்க வெயில் காட்டியிருந்தாள். இரவில் மழையும் இல்லை. ஆனாலும் வேனின் உட்சுவரில் ஒட்டியிருந்த சாம்பல் நிறத் துணி, ஊறப்போட்ட சாக்கைப் போலக் கனத்து, வாய்க்கால் சேற்று வாடையை விட்டுக்கொண்டிருந்தது.

கட்டிலும் அடுப்பும் வைத்த அந்தப் பழைய வேனை அவளும் கணவன் வளவனும் ஊர்சுற்ற ஆசைப்பட்டு வாங்கியிருந்தார்கள். மறுநாள் புறப்பட வேண்டும். ஒரத்தநாட்டுக்கு வேலைக்குப் போன வளவன் பொழுதுசாய்ந்துதான் வருவான்.

பாபநாசத்திலிருந்து சீட் தைக்கும் ஜாஃபர் சாதிக்கை வரவழைத்தாள். அவர் சுவர்த்துணியைப் பிய்த்தெடுத்தார். அடியிலிருந்த பலகையில், நான்கு பக்கமும் ஒரே மட்டத்தில், நூல் பிடித்தாற்போல ஒரு பழுப்புக் கோடு.

"கூரை ஒழுகுதுன்னு சொல்லித்தான் வண்டிய வித்தாங்க, பாய். இது ஒழுகின மாதிரி இல்லையே. தண்ணி நின்ன மாதிரில்ல இருக்கு?"

"ஆமாம்மா. எங்கயோ ஆத்துல வாய்க்கால்ல முழுகிக் கெடந்துருக்கு."

கோட்டுக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அவள் அதையே பார்த்தாள்.

"உள்ள ஆள் இருந்துருப்பாங்களா பாய்?"

அவர் சுவர்களுக்குப் புதுத்துணி ஒட்டி முடித்து, கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பசை டப்பாவைக் கீழே வைத்தார்.

"கூரைக்கு வேற ஆளப் பாத்துக்கங்கம்மா."

அவருடைய பைக் போன பிறகு அவளுக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. உலை வைத்தாள். பாதியில் அணைத்தாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். வெறும் துணிதானே என்று சொல்லிக்கொண்டு வேனில் ஏறினாள்.

நடவு வயல்களின் மேல் மேகம் கவிந்து உள்ளே வெளிச்சம் மங்கிக்கொண்டிருக்க, கட்டில்மேல் மல்லாந்து படுத்தபடி கூரையின் பழைய துணியை உரித்துப் போட்டு, பசை தடவி, புது வெள்ளைத்துணியை உள்ளங்கையால் நீவி நீவி ஒட்டினாள். கடைசி மூலையை அழுத்தும்போது கையில் சூடு தட்டியது.

கையை எடுத்தாள்.

துணி ஓரிடத்தில் உள்ளே குழிந்தது. பலகை இருக்க வேண்டிய இடத்தில். வட்டமாக. பிறகு வெளியே உப்பியது. மறுபடி குழிந்தது.

வாய்.

காற்றை உறிஞ்சுகிற வாய்.

எழ முடியவில்லை.

அதன் பக்கத்தில் இன்னொரு குழி. சின்னது. பால்குடி மாறாத குழந்தையின் வாயளவு. பெரியதைவிட வேகமாக. உள்ளே. வெளியே. உள்ளே.

சின்னது நின்றது.

பெரியது நிற்கவில்லை. அதற்குக் கீழே துணி மெல்லப் புடைத்தது. ஐந்து விரல்கள். அவை ஊர்ந்து போய், அசையாத அந்தச் சின்னக் குழியைத் தடவின. தட்டின. மறுபடி தட்டின.