குதிரை ரத்தம் ஓடிய எலிகள்

பட்டப்பகலில் எலிகள் விழித்திருந்தன. பகலெல்லாம் பஞ்சுக்குள் ஒன்றன்மேல் ஒன்று குவியலாகக் கிடந்து தூங்குவதுதான் அவற்றின் வழக்கம். அந்தத் திங்கட்கிழமை காலை ஆய்வகத்தின் எலி அறைக்குள் கால்நடை மருத்துவர் நுழைந்தபோது, முப்பத்தாறு வெள்ளைச் சுண்டெலிகளும் தத்தம் பெட்டிகளுக்குள் நான்கு கால்களையும் நேராக ஊன்றி, ஒன்றையொன்று தொடாமல், கிழக்குச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தன. பஞ்சு கலையவில்லை. தீனி குறையவில்லை. அவள் விரலால் ஒரு பெட்டியைத் தட்டினாள். ஒரு காதுகூட அசையவில்லை.

அவை எதிர்ப்புச் சக்தி இல்லாமலே பிறக்கும் எலிகள். வேற்று ரத்தத்தை ஏற்றினாலும் உடம்பு தள்ளிவிடாது. குதிரைகளுக்கு உண்ணியால் வரும் காய்ச்சலின் ஒட்டுண்ணி குதிரையின் சிவப்பணுவுக்குள்தான் வளரும் என்பதால், இந்த எலிகளுக்குக் குதிரை ரத்தத்தை ஏற்றி, அதில் ஒட்டுண்ணியை வளர்த்து, புது மருந்து ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தாள். நூறு குதிரைகளை நோயில் தள்ளாமல் கைப்பிடியளவு எலிகளோடு வேலை முடிந்துவிடும் என்று கேட்பவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வாள். "குதிரைக்குப் பிரசவம் பார்க்கப் படிச்சவ, இப்ப எலிக்கு ஊசி போட்டுட்டு வர்ற" என்று வீட்டில் கணவர் கிண்டல் செய்வார்.

ரத்தம் கொடுத்தது, கட்டடத்துக்குப் பின்னால் லாயத்தில் இருந்த ஒரே பெண் குதிரை. லாயக்காரர் அதை மகாராணி என்று அழைப்பார். அதன் இரண்டு மாதக் குட்டி செய்யாத சேட்டை இல்லை என்பதால் அதற்கு வாலு என்று பேர். எலிக்குள் போன குதிரை ரத்தம் சில நாள்தான் தாங்கும். மறுபடி மறுபடி ஏற்ற வேண்டும். முடிவுகளைச் சீக்கிரம் தரச் சொல்லி, ஆய்வை நடத்தும் பேராசிரியர் நெருக்கினார். ஒரே வாரத்தில் இரண்டாவது முறையாக ஊசியும் பையுமாக அவள் லாயத்தில் போய் நின்றாள்.

"பால் கொடுக்கிற உடம்பு, டாக்டரம்மா," என்றார் லாயக்காரர். "போன தடவை எடுத்ததுக்கே கால் தள்ளாடுது. ஒரு வாரம் விடுங்களேன்."

"இது ஒண்ணுதான், அண்ணா. அப்புறம் ஒரு மாசம் தொடவே மாட்டேன்."

மகாராணி கழுத்தைக் கொடுத்துவிட்டு அசையாமல் நின்றது. பக்கத்துக் கொட்டிலில் கட்டியிருந்த குட்டி, பை நிரம்பும் வரை கத்திக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் காலையில் தாய் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அது உண்மைதான். லாயக்காரர் குட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான்கு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

அந்தத் திங்கட்கிழமையோடு அது நடந்து பன்னிரண்டு நாளாகிவிட்டது. அதற்குப் பிறகு எலிகளுக்குச் சொட்டு ரத்தம் ஏற்றவில்லை. இந்நேரம் உள்ளே இருந்ததும் அழிந்துபோயிருக்க வேண்டும். ஒரு எலியின் வால் நுனியிலிருந்து துளி எடுத்து, குதிரை அணுக்களை மட்டும் பச்சையாக ஒளிரச் செய்யும் சாயத்தைச் சேர்த்து நுண்ணோக்கியில் வைத்தாள். பாதிக்குப் பாதி பச்சை. சாயம் கெட்டிருக்கும் என்று வேறு புட்டியைத் திறந்தாள். அதிலும் பச்சைதான். புதன்கிழமை பார்த்தபோது எலியின் அணு என்று சொல்லப் பத்தில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. எந்த எலியும் மெலியவில்லை, சோரவில்லை. எல்லாம் கிழக்கே பார்த்தபடி நின்றன.

அன்று மதியம் அவள் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தாள். எலி அறையின் கிழக்குச் சுவருக்கு வெளியே, வெயிலில், வாலு நின்றிருந்தது. நெற்றியைச் சுவரில் அழுத்தி, கண்களை மூடி. பக்கத்தில் பால் பாட்டிலோடு லாயக்காரர்.

"நாலு நாளா பாட்டிலைத் தொடலை," என்றார். "புல்லையும் மோந்து பார்க்கிறதில்லை. நானும் கெஞ்சிப் பார்த்துட்டேன்."

அவள் குனிந்து குட்டியின் வயிற்றைத் தடவினாள். பட்டினி கிடக்கும் வயிறு ஒட்டியிருக்க வேண்டும். இது நிறைந்து, தோல் மினுங்கி, வெதுவெதுப்பாக இருந்தது.

"அதான் டாக்டரம்மா, எனக்கும் புரியலை." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மத்தியானத்துல கொஞ்ச நேரம் காணாமப் போகுது. எங்கே போகுதுன்னு தெரியலை. திரும்பி வரும்போது வாயெல்லாம் பால் நுரை."

வெள்ளிக்கிழமை எலி அறையில் வாசம் மாறியிருந்தது. மரத்தூளும் எலி மூத்திரமும் கலந்த வழக்கமான நெடிக்கு அடியில், காய்ந்த வைக்கோலும் வியர்வையும் சூடான தோலும் கலந்த வேறொரு வாசம், முகக்கவசத்தைத் தாண்டி, நன்றாகத் தெரிந்த ஒருவர் பின்னால் வந்து நிற்பதுபோல மெல்ல வந்து நின்றது. அவள் திரும்பிப் பார்க்காமலே வெளியே வந்துவிட்டாள். பேராசிரியரிடம் தொலைபேசியில் சொன்னபோது, சோதனை பாழ், வேறொன்றுமில்லை, எலிகளை முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கு என்றார். அவளுக்கும் அதுதான் நிம்மதியாக இருந்தது.

ஞாயிறு பகல் இரண்டு மணி. ஆய்வகத்தில் யாருமில்லை. எலிகளை முடிப்பதற்கான மயக்க மருந்தை எடுத்துக்கொண்டாள். அங்கியும் கையுறையும் மாட்டினாள். நடைபாதை நெடுகத் தரை ஈரமாக இருந்தது. குனிந்து விரலால் தொட்டாள். பிசுபிசுப்பு. வெள்ளை. பால்.

எலி அறைக் கதவு பூட்டித்தான் இருந்தது. அடையாள அட்டையைக் காட்டினாள். திறந்தது. அவள் உள்ளே போனதும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

விளக்கு அணைந்திருந்தது. பெட்டிகளின் சின்னச் சிவப்பு விளக்குகள் மட்டும் எரிந்தன. அந்த மங்கலில் பெட்டி வரிசை தெரிந்தது. மூடிகள் எல்லாம் இறுக்கமாக மூடியபடி. உள்ளே ஒன்றும் இல்லை.

சப்புக் கொட்டும் சத்தம். நிதானமாக. விடாமல்.

அறையின் நடுவே வாலு நின்றிருந்தது. கழுத்தை நீட்டி, தலையைத் தாழ்த்தி, வெறும் காற்றைச் சப்பிக்கொண்டிருந்தது. கடைவாயிலிருந்து பால் வழிந்தது. அவ்வப்போது தலையால் மேலே முட்டியது. முட்டிய இடத்தில் எதுவும் இல்லை. ஆனாலும் தலை எதன் மீதோ பட்டு நின்றது.

"வாலு," என்றாள்.

அப்போதுதான் தரையைப் பார்த்தாள். எலிகள். நான்கு இடங்களில். ஒவ்வொரு இடத்திலும் ஒன்பது, நெருங்கி, இறுகி, ஒரு சோற்றுத் தட்டு அகலத்துக்கு வட்டமாக. முன்னால் இரண்டு வட்டம். பின்னால் இரண்டு. நடுவில் குட்டி.

மேலே எங்கோ மூச்சு. பெரிய மூச்சு. நனைந்த நாசியிலிருந்து வரும் மூச்சு. அவள் நெற்றிமயிர் பறந்தது.

கையைப் பின்னால் நீட்டிக் கதவைத் துழாவினாள். பிடி கிடைக்கவில்லை.

குட்டி குடிப்பதை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தது. நாக்கால் உதட்டை நக்கியது. பிறகு விலகி வழிவிட்டது.

வலப்பக்க முன்வட்டம் அசைந்தது. ஒன்பது எலிகளும் ஒன்றாக, ஒட்டியபடியே, தரையை விட்டு எழும்பின. அவள் முழங்கால் உயரத்தில் அந்தரத்தில் நின்றன. ஒன்றுகூட உதிரவில்லை. ஒன்றுகூடக் கத்தவில்லை.

பிறகு முன்னால் வந்து, அவளுக்கு ஒரு கை தூரத்தில், ஊன்றின.

தரை அதிர்ந்தது.

இடப்பக்க முன்கால் எழுந்தது.