ஏழு நாள் இ-சிம்

சனிக்கிழமை, மதியம் 2.10.

டத்தோ கிராமாட் சாலை வீட்டு அலமாரியில் சிவப்புப் பட்டுத்துணி மட்டும் மடித்தபடி கிடந்தது. அதற்குள் இருக்க வேண்டிய கழுத்துரு இல்லை. செட்டிநாட்டுக் கல்யாணத்தில் பெண்ணின் கழுத்தில் ஏறும் கனத்த தங்க மாலை அது. அடுத்த மாதக் கல்யாணத்தில் இந்த வீட்டு மகள் கௌரிக்கு ஏற வேண்டியது.

போலீஸ் சார்ஜன் ஜெகதீஸ்வரிக்குக் கால் வலித்தது. காலை ஆறு மணியிலிருந்து நிற்கும் கால். ஆறு வருஷம் கழித்துக் கிடைத்த விடுமுறையில் திங்கட்கிழமை அவள் மதுரைக்குப் புறப்பட வேண்டும். அங்கே போய்ப் போனில் டேட்டாவுக்கு எந்த இ-சிம் வாங்குவது என்று இரண்டு வாரமாகப் படித்துப் படித்துக் கண் பூத்துவிட்டது. ஐந்து ஜிபியா, பத்து ஜிபியா? போட்டதுமே நாள் ஓடுமா, போய் இறங்கியபிறகா? திருடனைப் பிடிப்பதே மேல் என்று நினைத்திருந்தாள். இதோ, அதற்கும் வந்தாயிற்று.

போனில் இன்ஸ்பெக்டர் யுகேந்திரன்.

"அஞ்சு மணிக்குள்ள அந்த சமையல்கார அம்மாவ போலீஸ் பாலாய்க்குக் கூட்டிட்டு வந்துடுங்கக்கா. வீட்டுக்காரங்கள விட்டா, வீட்டுச் சாவியும் வெச்சுக்கிட்டு அலமாரி சாவி இடமும் தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. இன்னொருத்தன் அன்னிக்கு சிங்கப்பூர்ல இருந்தான்."

"இமிகிரேஷன்ல கேட்டீங்களா?"

"திங்கக்கிழமைதான் பதில் வருமாம். அதுவரைக்கும் காத்திருக்க முடியாதுலா."

அந்த அம்மாவின் பெயர் சின்னம்மா. இந்த வீட்டில் பதினெட்டு வருஷமாகச் சமைக்கிறாள். சமையலறை வாசலில், உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் நின்றிருந்தாள். அவள் நிற்பதைப் பார்க்கவே ஜெகதீஸ்வரிக்கு மனம் கனத்தது. லாக்கப்பில் ஒரு ராத்திரி இருந்துவிட்டு வந்தால், திருடவில்லை என்று பிறகு தெரிந்தாலும் ஊர் வாயை மூட முடியாது.

2.25. வீட்டுக்காரி முத்தம்மை.

"கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"புதன் சாயங்காலம் ஆறு மணிக்கு. விளக்கேத்திட்டுத் தொறந்து பாத்தேன். அப்புறம் நானும் கௌரியும் கோயிலுக்குப் போயிட்டு ஒம்பது மணிக்கு வந்தோம். வியாழன் காலையில பாத்தா இல்ல."

"பூட்டு உடைஞ்சிருந்துச்சா?"

"இல்ல. சாவி சாமி படத்துக்குப் பின்னாடிதான் இருந்துச்சு." முத்தம்மை குரலைத் தாழ்த்தினாள். "கூட இருந்தவளே இப்படிப் பண்ணுவான்னு யாரு நெனச்சா?"

2.40. சின்னம்மா.

"புதன் கெளமை எப்ப கெளம்புனீங்க?"

"அஞ்சரைக்கு பஸ் ஏறுனேன் மேடம். ஆயர் ஈத்தாம் ஃப்ளாட்டுக்குப் போய்ப் படுத்துட்டேன்."

"யாராச்சும் பாத்தாங்களா?"

"தனியா இருக்கிறவள யாரு பாப்பா?"

2.55. அழகு. முத்தம்மையின் அண்ணன் மகன். சாவி இடம் தெரிந்த இன்னொருவன். இன்று காலைதான் சிங்கப்பூரிலிருந்து திரும்பியிருக்கிறான். புதன் மாலை ஐந்தரை விமானத்தின் போர்டிங் பாஸைப் போனில் தயாராக வைத்திருந்தான்.

"பாஸ்போர்ட்ல சாப்பா முத்திரை இல்லையே?"

"இப்ப எல்லாம் மெஷின்தான் மேடம். யாரு சாப்பா குத்துறா?"

அது உண்மைதான். "எறங்கினதும் என்ன பண்ணீங்க?"

"கௌரி வாங்கிக் கொடுத்த இ-சிம்ம ஆன் பண்ணேன். அவளுக்கு மெசேஜ் போட்டேன். அதுலயே கார் கூப்பிட்டு ஓட்டலுக்குப் போனேன். ஏர்போர்ட் வைஃபை பக்கமே போகல."

கேட்டதற்கு மேலேயே சொல்கிறானே என்று ஜெகதீஸ்வரிக்குப் பட்டது. அதைவிட அதிகமாகக் கால் வலித்ததால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

3.10. கௌரி. தொழிற்சாலையில் என்ஜினியர்.

"நான்தான்க்கா அழகு அத்தான ஏர்போர்ட்டுல விட்டேன். மூணே முக்காலுக்கு உள்ள போனாங்க. ஏழே காலுக்கு மெசேஜ் வந்துச்சு." காட்டினாள். 'வந்துட்டேன். உன் இ-சிம் சூப்பர்லா.'

"நீங்கதான் வாங்கிக் கொடுப்பீங்களா?"

"இந்த வீட்டுல யாரு வெளியூர் போனாலும் நான்தான். என் அக்கவுண்டுல வாங்கி, அவங்க போன்ல போட்டு விடுவேன். இல்லன்னா அங்க போய் நின்னுக்கிட்டு எனக்குத்தான் போன் அடிப்பாங்க."

ஜெகதீஸ்வரிக்குத் தன் கவலை வந்துவிட்டது. "எனக்கும் ஒண்ணு வேணும்மா. வீட்டுல போட்டதுமே நாள் ஓடிடுமா?"

"இதுல அப்படி இல்ல. அந்த நாட்டு லைனப் பிடிச்ச நிமிஷத்துலருந்துதான் ஏழு நாள் கணக்கு. அதான் இதையே வாங்குவேன். இருங்க, காட்டுறேன்." கௌரி செயலியைத் திறந்து நீட்டினாள்.

அழகின் பெயர். சிங்கப்பூர், ஏழு நாள். முடிவது: வரும் வியாழன், மாலை 4.20.

ஜெகதீஸ்வரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டாள். "சின்னம்மா, நீங்களும் வாங்க."

3.30.

"அழகு தம்பி, எறங்கின ஒடனே இ-சிம்ல மெசேஜ் போட்டேன்னீங்க. புதன் ராத்திரி ஏழே கால். சரியா?"

"ஆமா."

"அப்ப உங்க ஏழு நாள் வர்ற புதன் ராத்திரி முடியணும். இதுல வியாழன் சாயங்காலம் நாலு இருபதுன்னு இருக்கு. உங்க போன் சிங்கப்பூர் லைனப் பிடிச்சதே வியாழக்கிழமைதான்."

அழகு போனைச் சட்டைப் பையில் போட்டான்.

"போர்டிங் பாஸ் வீட்டுலருந்தே எடுக்கலாம். மெசேஜ் எங்கருந்து போட்டாலும் அதே நம்பர்லதான் வரும். ஏர்போர்ட்டுக்குள்ள போன மாதிரி போய்ட்டு வெளிய வந்துட்டீங்க. இவங்க கோயிலுக்குப் போனதும் இங்க வந்திருக்கீங்க. மறுநாள் காலையில சிங்கப்பூர் பஸ். உங்க போன்ல எல்லாத்தையும் யோசிச்சீங்க. வாங்கிக் கொடுத்தவ போன்லயும் நாள் ஓடும்னு யோசிக்கல. நான் சொல்றது தப்புன்னா, திங்கக்கிழமை இமிகிரேஷன் சொல்லிடும்."



"அது எங்க அப்பத்தா கழுத்துரு," என்றான் அழகு. "மருமகள்னு எங்கம்மாவுக்கு வந்திருக்கணும். மகள்னு அத்தைக்குக் கொடுத்தாங்க. இப்ப அது இன்னொரு வீட்டுக்குப் போகப் போகுது. விக்கல. எங்க வீட்டு சாமி அறையிலதான் இருக்கு."

கௌரி அழுதாள்.  முத்தம்மை சின்னம்மா பக்கம் திரும்பி, ஒன்றுமே நடக்காததுபோல, "நாளைக்கு வழக்கம்போல வந்துடு," என்றாள்.

சின்னம்மா மடியிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தாள். மேசைமேல் வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

4.15.

அழகைப் பாலாய்க்கு அனுப்பிவிட்டு, சின்னம்மாவைத் தன் காரிலேயே ஆயர் ஈத்தாமுக்குக் கூட்டிப்போனாள் ஜெகதீஸ்வரி. பாசார் சந்தையைத் தாண்டியதும் கேட்டாள்.

"ஏம்மா, சாவியக் கொடுத்துட்டீங்க?"

சின்னம்மா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "மூணு நாளா அந்த வீட்டுல யாரும் எங்கிட்ட, நீ எடுத்தியான்னு ஒரு வார்த்தை கேக்கல மேடம். கேட்டிருந்தா இல்லன்னு சொல்லிட்டு, நாளைக்கும் போயிருப்பேன்."