செவ்வாய்க்கிழமை மாத்திரை

பால்கனியில் சுட்டுக்கொண்டிருந்த குடைமிளகாயின் கருகல் வாசனை வீடெங்கும் நிறைந்திருந்த அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலையில், லூபெனின் வலக்கையிலிருந்து காப்பிக் கோப்பை நழுவியது. அது உடைந்த ஓசை தெளிவாகக் கேட்டபோதும், அதைத் தவறவிட்ட கை தன்னுடையது என்று அவருக்குத் தோன்றவில்லை. மனைவி ஸ்தோயன்காவை அழைக்க வாய் திறந்தார். சொல் வரவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். மிளகாய்களை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கி, மூடி வைத்து, அதன் பிறகே தொலைபேசியை எடுத்தாள்.

மருத்துவமனையில் ஸ்கேன் முடிந்ததும் மருத்துவர் வெலின் விரைந்து வந்தார்.

"மூளைக்குப் போற குழாயில ரத்தக்கட்டி அடைச்சிருக்கு. முதல்ல கரைக்கிற மருந்து ஏத்துவோம். அப்புறம் தொடை வழியா கம்பியை விட்டுக் கட்டியை இழுத்துருவோம். அம்மா, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுறாரா? மறைக்காதீங்க. அதுக்கு மேல இந்த மருந்தும் ஏறினா மூளைக்குள்ள ரத்தம் கொட்டிரும்."

லூபெனுக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. தாறுமாறாகத் துடிக்கும் நெஞ்சுக்காக அவர் நாள்தோறும் விழுங்கும் அந்த மாத்திரையை, அன்று விடியலில் அவருடைய உள்ளங்கையில் வைத்தவளே ஸ்தோயன்காதான்.

"மாத்திரையா? இவரா? தலைவலிக்குக்கூட போட மாட்டார், டாக்டர்."

பல்கேரியர்கள் ஆம் என்பதற்குச் செய்வதுபோலத் தலையைப் பக்கவாட்டில் ஆட்ட முயன்றார். சிறிது அசைந்தது.

"என்னமோ சொல்ல வர்றாரே?"

"முப்பது வருஷமா எனக்கும் சேர்த்து இவர்தான் பேசினார். இப்பவும் விட மனசில்ல, பாருங்க." கருகல் மணக்கும் விரல்களால் அவருடைய மோவாயைப் பற்றி, மெல்ல மேலே உயர்த்தினாள். பல்கேரியாவில் அந்த அசைவுக்கு ஒரே பொருள். இல்லை.

"பேசாம இரு. நான் சொல்லிக்கிறேன்."

இத்தனை வருடம் அவர் அவளிடம் சொல்லிவந்த சொற்கள். அவருடைய அதே குரல் ஏற்றம்.

மருந்து குளிர்ந்து ஏறியது. தொடையில் குத்தல். கம்பி நுழைந்தது. வெளியே வந்தது. வெண்துணியில் கருஞ்சிவப்பாய், புழுவைப்போல, ஒரு கட்டி.

"வந்துருச்சு! பேரு சொல்லுங்க ஐயா."

நாக்கு அசைந்தது. "லூ... பென்."

சொல்ல முடிகிறது. இப்போதே சொல்ல வேண்டும்.

"மாத்... மாத்..."

நெற்றிக்குப் பின்னே வெதுவெதுப்பு. பரவியது. விளக்குகள் சிவந்தன. சொல் கரைந்தது.

கதவின் சிறு கண்ணாடிக்கு அப்பால், மடியில் கிழமைக்கு ஒன்றாக ஏழு அறைகள் கொண்ட அவருடைய மாத்திரைப் பெட்டியோடு அவள் அமர்ந்திருந்தாள். செவ்வாய்க்கிழமையின் அறை காலியாக இருந்தது. கைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, இன்று அவர் விழுங்கவே இல்லை என்பதுபோல, அதில் இட்டாள். மூடினாள்.

நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

மெல்ல, தன் மோவாயை உயர்த்தினாள்.