பளபளவென்று ஒரு அச்சு

கதவைத் தட்டியவன் தலையிலிருந்து மழை சொட்டிக்கொண்டிருந்தது.

ஞானகுமாரி முதலில் பார்த்தது அவன் கண்களைத்தான். இமை நுனியில் இரண்டு துளிகள்... உள்ளே பரிசு வாங்க மேடையேறுகிறவனின் பெருமை. பரவாயில்லை, நல்ல கண்கள்தான் என்று நினைத்து முடிப்பதற்குள், அவன் கையில் மின்னியது என்னவென்று தெரிந்துவிட்டது.

அம்மாவின் அச்சு. கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கு சுடுகிற, பூ வடிவ இரும்பு அச்சு.

"எதிர்வூட்டு சாமுண்டீஸ்வரி அத்தை குடுக்கச் சொன்னாங்க. வளைகாப்புக்கு இரவல் வாங்கினாங்களாமே. நான் அவங்க அண்ணன் மவன், உலகநாதன். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல லேத் வேலை. காம்பு ஆடிக்கினு இருந்துச்சு, ஸ்க்ரூ மாத்தினேன். ஒரே கரி... எமரி ஷீட் போட்டுத் தேய்ச்சு, மிஷின்ல பாலிஷும் போட்டுட்டேன். மூஞ்சியே பாக்கலாம்."

பார்த்தாள். அவள் முகமே கோணலாக அவளை முறைத்தது.

"அது கரி இல்லைங்க. எங்கம்மா வருசா வருசம் எண்ணெயில முக்கி ஏத்தின பதம். அது போனா மாவு அச்சை விட்டுக் கழலாது."

"கழலுங்க. எவ்ளோ வழவழன்னு கீது..."

"உள்ள வாங்க. காட்றேன்."

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தேவராஜ் தலை நிமிர்வதற்குள் இருவரும் அடுப்படியில் இருந்தார்கள். அச்சை எண்ணெயில் காயவைத்து, கரைத்து வைத்திருந்த மாவில் தோய்த்து, மறுபடி எண்ணெயில் விட்டு உலுக்கினாள். கழலவில்லை. இன்னும் உலுக்கினாள். கம்பியால் நெம்பியதும் சிவந்துபோய், துண்டு துண்டாக வந்தது.

ஒரு துண்டை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"பிடிங்க. உங்க வழவழ."

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவள் விடவில்லை.

"எங்கண்ணன் பட்டாளத்துல இருந்து இன்னிக்கு ராத்திரி லீவுல வருது. போன வருசம் சண்டை. அம்மா போனப்பகூட வர முடியல. அம்மா அச்சு முறுக்கு மட்டும் சுட்டு வைன்னு சொல்லி அனுப்பிச்சிது. இப்ப நான் இன்னாத்தை வைக்கிறது?"

"வேற அச்சு வாங்கியாந்து..."

"எங்கம்மாவையும் கடைல விக்கிறாங்களா?"

அவன் முகம் சுருங்கியது. "நல்லது பண்ண வந்தவனை ஊட்டுக்குள்ள கூப்ட்டுத் திட்டுறீங்க. வரேங்க."

விறுவிறுவென்று மழையில் இறங்கினான். கையிலிருந்த துண்டோடு. அதையாவது வைத்துவிட்டுப் போகிறானா பார்... என்று எரிச்சலாக வந்தது அவளுக்கு. அந்த எரிச்சலிலும் அந்த இமைகள் ஞாபகம் வந்தது இன்னும் எரிச்சலாக இருந்தது.

சற்று நேரத்தில் மறுபடி கதவு. மறுபடி அவன். கையில் ஒரு டின் கடலெண்ணெய்.

"அத்தை சொல்லிச்சு. முறுக்கு சுடச் சுடத்தான் மறுபடி பதம் ஏறுமாம். அச்சை நான் பிடிக்கிறேன்."

"ஒடையறதெல்லாம் யார் தின்றது?"

"நானே தின்றேன்."

"ஒண்ணுகூட மிச்சம் வெக்கக்கூடாது."

வைக்கவில்லை. சுட்டார்கள்... உடைந்தது. தின்றான். மறுபடி சுட்டார்கள்... ஒட்டியது. நெம்பித் தின்றான். தேங்காய்ப்பாலும் எள்ளும் மணந்த புகையில் அவன் கண்கள் கலங்கிச் சிவந்தன.

"குமாரி, அந்தப் பையன் விக்குறான். தண்ணி குடும்மா" என்றார் அப்பா.

"தின்னு முடிக்கட்டும்ப்பா."

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அச்சு மெல்லக் கறுத்தது. அவன் உலுக்கினான். முழுசாக ஒரு பூ கழன்று எண்ணெயில் மிதந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள்... நிமிர்ந்தபோது கண்கள் நான்கும் ரொம்பப் பக்கத்தில் இருந்தன. அவள்தான் முதலில் கரண்டியைத் தேடினாள். கரண்டி அவள் கையிலேயே இருந்தது.

தட்டு நிறைந்த பிறகு, இரும்புப் பெட்டியும் ஈரச் சட்டையுமாக வந்து நின்றான் அண்ணன் ஜெயபால். சுவரிலிருந்த அம்மா படத்தின் முன்னால் போய் நின்றான். பிறகு அடுப்படிக்கு வந்து முழுசாக ஒன்றை எடுத்துக் கடித்தான்.

மென்றான். மிச்சத்தைத் தட்டிலேயே வைத்தான்.

"நல்லாத்தான் கீது குமாரி. ஆனா... முழுசெல்லாம் அம்மா தெருவுக்குத்தான குடுக்கும்? நமக்கு என்னிக்குக் குடுத்துச்சு? மொத அச்சுல ஒட்டிக்கினு, செவந்து, ஒடைஞ்சு வருமே... அடுப்பாண்டயே நின்னு வாங்கித் தின்னுவோமே. அதுல ஒண்ணு குடு."

எல்லாரும் உலகநாதனைப் பார்த்தார்கள்.

"நீங்கதான தின்னச் சொன்னீங்க" என்றான் அவன் பரிதாபமாக.

"சொன்னா? ஒண்ணுகூட வெக்காமயா?"

அவசரமாக ஒன்று சுட்டாள். முழுசாக வந்தது. இன்னொன்று... அதுவும் பூ மாதிரி.

"கருமம், இப்ப ஒட்டவே மாட்டேங்குது."

"வேணும்னா மறுபடி எமரி ஷீட்..."

கரண்டி உயர்ந்தது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

"அது இருக்கட்டும், உன் பாக்கெட்ல இன்னாபா எண்ணெய்?" என்றான் ஜெயபால்.

உலகநாதன் சட்டென்று நெஞ்சைப் பொத்திக்கொண்டான். விரல்களைத் தாண்டியும் கறை தெரிந்தது. வேறு வழியில்லாமல் வெளியே எடுத்தான். காகிதத்துக்குள் சிவந்த, உடைந்த ஒரு துண்டு.

"இத வெச்சிக்கினா எல்லாத்தையும் தின்ன மாதிரி பேசினீங்க?" அவளுக்குக் குரல் உயர்ந்தது. "ஏன்?"

அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"நீங்க மொத மொதல்ல என் கைல குடுத்தது. கோவமாத்தான் குடுத்தீங்க... ஆனாலும் தின்ன மனசு வரல. திரும்பி வந்ததுகூட அச்சுக்காக மட்டும் இல்லைங்க."

அவன் அந்தத் துண்டை ஒரு முறை பார்த்தான். பிறகு ஜெயபாலிடம் நீட்டினான்.

"உங்கம்மாவுது. நீங்க தின்னுங்க."

ஜெயபால் பாதியை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினான். மூடிய கண்ணோரம் நனைந்தது.

"இதான்" என்றான். மறுபாதியை உலகநாதன் உள்ளங்கையிலேயே வைத்துவிட்டு, தலை துவட்டப் போனான்.

அந்தப் பாதியும் காகிதத்துக்குள் போவதைப் பார்த்தாள் ஞானகுமாரி.

"மறுபடி பாக்கெட்டா? எறும்பு வரும். தின்னுடுங்க."

"தின்னா தீந்துடுமேங்க."

என்ன மனுஷன் இவன்... எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறதே.

"அச்சு இங்கதான கீது" என்றாள், மாவைக் கலக்கிக்கொண்டே. "நானும் இங்கதான கீறேன்."

"எண்ணெய் காயுது குமாரி..." என்று கூடத்திலிருந்து அப்பா தலையிலடித்துக்கொண்டார்.